முதிய நாயின் முதுகு

நான்கு கால்களால் நடக்கும் பிராணிக்கு முதுகுவலி எங்கிருந்து வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வருகிறது. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் இனத்துக்கு மிகுதியாகவே வருகிறது. எங்கள் வீட்டு வீரன் அவ்வினத்தவன், வயது 10.

ஜெர்மனியில், வளைக்கரடி என்னும் விலங்கை அதன் வளைக்குள்ளேயே புகுந்து மடக்குவதற்காக இந்நாய்களை உருவாக்கினார்கள். குட்டைக் கால்களை மனிதன் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தான். முதுகின் நோயும் உடன் வந்தது. கால்களைக் குறுக்கும் ஒரு மரபணுப் பிரதியே முதுகுத் தட்டுகளையும் கெடுக்கிறது என்று 2017-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே இது நாயின் குற்றமன்று.

இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் ஒரு தட்டு இருக்கிறது. அதன் நடுப்பகுதி இளநுங்கைப்போலக் குழைவாக இருக்கவேண்டும். இவ்வின நாய்களுக்கோ, ஒரு வயது நிறையும் முன்பே அது முற்றிய நுங்காக இறுகத் தொடங்குகிறது. பின்னர்ச் சுண்ணமும் படிகிறது. நாற்காலியிலிருந்து ஒருமுறை குதித்தால் போதும். சில வேளை அதுகூட வேண்டுவதில்லை. தட்டின் விளிம்பு கிழிந்து, உள்ளிருப்பது பிதுங்கி, மேலே ஓடும் முதுகுத்தண்டை நசுக்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு காலை, வீரன் முதுகைக் கூனிட்டு நடுங்கி நின்றான். தூக்கப்போனால் அலறினான். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன, நகங்கள் தரையில் உராய்ந்தன. அன்றே மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார். காலை வெறுமனே இழுத்துக்கொள்வது போதாதாம். திரும்பிப் பார்க்கவோ முனகவோ வேண்டும். வீரன் திரும்பிப் பார்த்தான். அந்த உணர்ச்சி அற்றுப்போன நாய்களில், அறுவை சிகிச்சை செய்தாலும் ஏறத்தாழப் பாதியே மீண்டும் நடக்கின்றன. கால்கள் செயலிழந்தாலும், சிறுநீர் கழிக்க இயலாமற்போனாலும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கலாகாது.

"வயதாகிவிட்டது, ஊசி போட்டு முடித்துவிடுங்களேன்" என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். கொடுமையால் சொல்லவில்லை, இரக்கத்தால்தான் சொன்னார். ஆனால் உணர்ச்சியிருக்கிறது, உணவு உண்கிறது, வலிக்கு மருந்து இருக்கிறது என்னும்போது, வயது ஒரு காரணமாகுமா? 'ஆகாது' என்றேன். அறுபதைக் கடந்தவன் வேறு என்ன சொல்வான்!

மருத்துவர் விதித்தது நான்கு வாரக் கூண்டு வாசம். நின்று திரும்பிப் படுக்கப் போதிய இடம். மலசலத்துக்கு மட்டும், வயிற்றின் கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி, வெளியே அழைத்துச் செல்வது. முதல் மூன்று நாட்கள் எளிது. ஐந்தாம் நாள் மருந்தினால் வலி அடங்கியது. சோதனை அன்றுதான் தொடங்கிற்று. வலி நின்றதேயொழியக் கிழிசல் ஆறவில்லை. வாயிற்கதவு ஓசை கேட்டதும் வீரன் எழுந்து வாலாட்டினான். "பாவம், சிறையில் அடைத்துவிட்டீர்களே!" என்று என் மனைவி கண் கலங்கினாள். என் பேரன்தான் வழி கண்டான்: பெயர் சொல்லி அழைப்பதை விட்டுக் கூண்டருகே தரையில் அமர்ந்து பாடம் படிக்கலானான். நாயும் படுத்துவிட்டது.

தைலம் தேய்த்து உருவிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். செய்யலாகாது, பிதுங்கிய தட்டை உருவல் உள்ளே தள்ளாது. நாம் விழுங்கும் வலி மாத்திரைகளும் கூடா. அவற்றுட் பல நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தோடு சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியவும் கூடும்.

தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மற்றொன்று பிட்டத்தின் கீழும் இருக்க, முதுகு தரைக்கு இணையாக அமையவேண்டும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை நன்று. வழுவழுப்பான மொசைக் தரையில் சணல் சாக்குகளை விரித்தோம். எடையைப் பற்றி மட்டும் வீட்டாரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். ஆளுக்கொரு பிஸ்கோத்து, மிஞ்சிய தயிர்ச்சோறு என்று ஊட்டினால் முதுகு எப்படித் தாங்கும்? தடவினால் விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும்.

இப்போது வீரன் காலையில் தெருமுனைவரை நடந்து வருகிறான். இடப் பின்னங்கால் சற்றே வீசுகிறது. திண்ணைக்கு ஏறச் சாய்வாக ஒரு பலகை போட்டிருக்கிறோம். ஏறுவதற்கு அதைப் பயன்படுத்துகிறான். இறங்கும்போது மட்டும் விளிம்பில் நின்று எங்களைப் பார்க்கிறான். இரு கைகளாலும் தூக்கி இறக்கிவிடுகிறோம்.