கோலும் தோளும்



சென்ற ஆண்டுத் திருவிழாவில் இம்மேடையில் சிறுவன் ஒருவன் தேவாரம் பாட வந்தான். மூன்றாம் பாடலில் சொல் மறந்து நின்றான். இறங்கி வந்தவனை அவன் தந்தையார் யாவரும் காண அடித்தார். அருகிருந்தும் யாம் தடுத்திலோம். அக்குறை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. இவ்வாண்டு அச்சிறுவன் பாட வரவில்லை. ஆதலின், மக்களிடத்து உள்ள ஆற்றல் எவ்வாறு வளர்கின்றது என்பதனை இன்று சிந்திப்போம்.

சீகாழிப் பிள்ளையாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளியுள்ளார். 3 வயதுக் குழந்தை, நீராடச் சென்ற தந்தையார் சிவபாத இருதயரை அழுது தொடர்ந்தது. முதலில் விலக்கியவர், பின் உடன் அழைத்துச் சென்றார். அதனாலன்றோ குழந்தை தோணியப்பர் திருக்கோயிற் குளக்கரையில் நின்றது? தாம் நாள்தோறும் வழிபடும் இடத்துக்கே தந்தையார் மகனை அழைத்துச் சென்றார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அம்மையார் ஊட்டிய பால் வாயில் வழியக் கண்டு, தந்தையார் கோல் ஓங்கினார். பிள்ளையாரோ இறைவனைச் சுட்டிக்காட்டிப் பதிகம் பாடினார். அதன்பின் அத்தந்தையார் கோல் ஓங்கியதாக வரலாறு இல்லை. மகனைத் தோளில் சுமந்து தலந்தோறும் சென்றார் என்றே உளது.

திருக்கோலக்காவில் பிள்ளையார் கையால் தாளமிட்டுப் பாடினார். அப்பிஞ்சுக் கைகள் நோதல் கண்டு இறைவன் பொற்றாளம் ஈந்தான். ஞானப்பால் உண்டவரும் கை நோகப் பாடினார் எனின், நம் மக்கள் பயிலாது வல்லவராதல் எங்ஙனம்? பின்னர், அரத்துறைக்குச் செல்லும் வழியில் பிள்ளையார் தந்தையின் தோளை விடுத்துத் தாமே நடந்தார். பாதங்கள் வருந்தக் கண்டு தந்தையார் மனம் இரங்கினார். அவ்வருத்தம் தீர இறைவன் முத்துச்சிவிகை அருளினான். சுமக்க வேண்டிய காலம் ஒன்று. நடக்க விட வேண்டிய காலம் ஒன்று.

“அவர் அருள் பெற்ற குழந்தை, எம் மக்களுக்கு இது பொருந்துமோ?” என்று நீங்கள் வினவலாம். மதுரையில் 1916-ஆம் ஆண்டு பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரை அறியாதார் இலர். அவர்தம் பாட்டியார் வயலின் வாசித்தவர். அன்னையார் சண்முகவடிவு வீணையில் வல்லவர். 10 வயதில் மகள் இசைத்தட்டுக்குப் பாடியபோது, உடன் வீணை வாசித்தவர் அவ்வன்னையாரே. 1998-இல் பாரத ரத்னா விருது பெற்ற அக்குரல், தாயின் வீணை ஒலி கேட்டு வளர்ந்த குரலாகும்.

பெற்றோர்களே! மாலையில் விளக்கேற்றி மக்களோடு அமருங்கள். ஒரு பதிகமேனும் உடன் பாடுங்கள். பிழை நேர்ந்தால், அவ்வடியை அவர்களோடு சேர்ந்து மீண்டும் பாடுங்கள். நாளைக் காலை யாம் அச்சிறுவனின் இல்லம் செல்ல எண்ணியுள்ளோம். அன்று அவன் மறந்த பாடலை, அவனும் தந்தையாரும் யாமும் ஒருங்கிருந்து பாடத் தோணியப்பர் துணைபுரிவாராக.

திருச்சிற்றம்பலம்.