ஓடுகிற சர்வரைத் தொடலாமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்க வேலையைப் பத்தி எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். எல்லாம் சரியாக ஓடினால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்று போனால் மட்டும், "எங்கேய்யா அந்த ஆளு?" என்று தேடுவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: "ஓடுற சர்வரைத் தொடாதே." அதில் அனுபவம் இருக்கிறது. ஒரு மென்பொருளை மாற்றினால், அதை நம்பியிருக்கும் வேறு நாலு மென்பொருள் நின்று போகலாம். சம்பளம் போடுகிற நாளில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், தொடாமலே விட்டால் என்ன ஆகும்? இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2017 மார்ச் மாதம் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. அதை அடைக்கும் பேட்சும் உடனே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில், 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள் என்று உள்ளுக்குள் சுற்றறிக்கையும் போனது. ஆனால் அந்த மென்பொருள் எந்த சர்வரில் இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. மே மாதம் அதே ஓட்டை வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. பேட்ச் கையில் இருந்தது, பட்டியல்தான் கையில் இல்லை.

இன்னொன்று நேர் எதிர். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. அதில் பிழை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் கொஞ்சம் இடத்துக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் சேதம் கொஞ்சத்தோடு நின்றிருக்கும்.

ஆக, தொடாமல் கெட்டவர்களும் உண்டு, ஒரேயடியாகத் தொட்டுக் கெட்டவர்களும் உண்டு. எப்படித் தொடுவது என்பதுதான் எங்கள் தொழில்.

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் போன்ற இயக்குதளங்களை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவதற்கு முக்கியக் காரணம், ஒரு வெளியீட்டுக்குப் பத்து ஆண்டு பராமரிப்பு உண்டு என்ற உறுதி. அந்தப் பத்து ஆண்டும் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பைக் கூடியவரை மாற்றமாட்டார்கள். கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டுத் தருவார்கள். சட்டை அதேதான்.

இதில் ஒரு குழப்பம் வரும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரிய வந்தது. மூலப் பதிப்பில் அது 1.0.1-ஜி என்ற எண்ணில் சரியானது. ரெட் ஹேட் 6-இல் இருந்ததோ 1.0.1-இ. அவர்கள் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் அடைத்து, பின்னால் வரும் வெளியீட்டு எண்ணை மாற்றினார்கள். தணிக்கைக்கு வருகிறவர் முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "இது பழசு, ஆபத்து" என்று சிவப்பு மையால் வட்டம் போடுவார். தம்பிகளே, பயந்துபோய் இணையத்திலிருந்து வேறொரு பதிப்பை இறக்கி மேலே திணிக்காதீர்கள். ஆர்பிஎம் கட்டளையில் சேஞ்ச்லாக் கேளுங்கள். சிவிஇ-2014-0160 என்று ஓட்டையின் எண்ணே அதில் எழுதியிருக்கும். அதை அச்செடுத்து மரியாதையாகக் கொடுங்கள்.

பேட்ச் போட்டால் மட்டும் வேலை முடியாது. டிஸ்கில் புதியது வந்திருக்கும், மெமரியில் பழையது ஓடிக்கொண்டிருக்கும். அந்தந்தச் சர்வீஸை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். கெர்னல் என்றால் மெஷினையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். "எங்க சர்வர் ஆயிரம் நாளா நிக்கவே இல்லை" என்று பெருமை பேசுவார்கள். லைவ் பேட்ச் போடாத இடத்தில் அதற்கு அர்த்தம், ஆயிரம் நாள் பழைய கெர்னல் ஓடுகிறது என்பதுதான்.

அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு. அப்டேட் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. அப்கிரேடு ஆள் குடியிருக்கும்போதே அஸ்திவாரத்தை மாற்றுவது. 7-இலிருந்து 8, 8-இலிருந்து 9 என்று ஒவ்வொரு படியாக ஏற லீப் என்ற கருவி இருக்கிறது. முதலில் அது சோதித்து, எது எது தடை என்று அறிக்கை தரும். அதைப் படிக்காமல் மேலே போகக் கூடாது. என்னைக் கேட்டால், முடிந்த இடத்தில் புது சர்வரைப் பக்கத்தில் நிறுத்தி, வேலையை அதற்கு மாற்றுவதே நிம்மதி.

காலத்தையும் கணக்கு வைக்க வேண்டும். ரெட் ஹேட் 7, அதை ஒட்டிய இலவசமான சென்ட்ஓஎஸ் 7 இரண்டுக்கும் வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 8-ஐ 2029 வரை நம்பியிருந்தவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. கையில் சுமார் ஓர் ஆண்டு. ஆல்மா, ராக்கி என்ற மாற்றுகள் 2021-இல் வந்தன. எங்கே என்ன ஓடுகிறது என்று பட்டியல் வைத்திருந்தவர்கள் மாறிக்கொண்டார்கள். பட்டியல் இல்லாதவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தம்பி தங்கைகளுக்கு நாலே வார்த்தை. பட்டியல் வையுங்கள். உண்மையான சர்வரைத் தொடும் முன் ஒரு சோதனை சர்வரில் போட்டுப் பாருங்கள். பேக்-அப் எடுத்தால் போதாது, அதிலிருந்து திரும்பக் கொண்டுவந்தும் பாருங்கள். யம் ஹிஸ்டரியில் "அன்டூ" இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், சின்ன மாற்றத்துக்குத்தான் அது உதவும்.

இன்று இந்த அரங்கில் மேலாளர்களாக, இயக்குநர்களாக இருக்கும் என் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாதத்தில் இரண்டு மணி நேரம் சர்வரை நிறுத்த எழுத்துமூலம் அனுமதி கொடுங்கள். அனுமதி கேட்டு வருகிற பையனை ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஒருநாள் கோட்டை இடிந்ததும் அவனையே கூப்பிட்டு ஏன் செய்யவில்லை என்று கேட்பது நியாயமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவன் நம் கல்லூரிப் பையனாகக்கூட இருக்கலாம்.