ஒரு வங்கிப் புத்தகமும் ஒரு கோவையும்



டொக்டர் என்றதும் நோய்களைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் இப்போது வைத்தியசாலை நிர்வாகத்தில் இருக்கிறேன். என் மேசையில் கிடப்பவை ஆளணிப் பட்டியல், லீவு விண்ணப்பம், இடமாற்றக் கடிதம். கம்பனியில் இந்த வேலை செய்பவரை மனிதவள முகாமையாளர் என்பார்கள்.

ஒருகாலத்தில் நானும் இதை இளக்காரமாகத்தான் பார்த்தேன். அதை மாற்றியவர் ஒரு சிற்றூழியர் அம்மா. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்ததும், பிறகு மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று தற்காலிக வைத்தியசாலைகள் நகர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். காயக்காரரைத் தூக்கியவர்களுக்குக் கோவைகளைத் தூக்க எங்கே நேரம்? அந்த அலைச்சலில் அம்மாவின் நியமனக் கடிதமும் போயிற்று. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போதுதான் அது தெரிய வந்தது. 10 வருடச் சேவையாவது காட்டாவிட்டால் ஓய்வூதியம் இல்லை. அவர் வேலை செய்தது அதைப் போல இரண்டு மடங்கு.

"கடிதம் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது" என்று நானே சொல்லி அனுப்பினேன். "சரி டொக்டர்" என்றுவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் முகாமைத்துவ உதவியாளர், வர்த்தகப் பிரிவில் படித்த பிள்ளை, "வங்கிப் புத்தகம் இருக்கோ எண்டு கேட்டுப் பாப்பமே?" என்றாள். இருந்தது. சொப்பிங் பையில் சுற்றி, கடல்நீரேரி கடந்து வந்த புத்தகம். மாதாமாதம் சம்பளம் விழுந்த பதிவுகள். அதைப் பிடித்துக்கொண்டு பழைய சம்பளப் பதிவேடுகளைத் தேடினோம். கோவை முழுமையாக ஏழு மாதம். பெருமை அந்தப் பிள்ளைக்கு. பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை.

தங்கைமாரே, இத்துறைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்தில் வழி இருக்கிறது. 1959 இல் தொடங்கிய பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவகத்திலும் படிக்கலாம். வைத்தியர்களுக்கு மருத்துவ நிர்வாகத்தில் பட்டப்பின் படிப்பு கொழும்பில். ஆனால் அரச வேலைக்கு வருபவர் தாபனக் கோவையையும் வாசிக்க வேண்டும். முழுச் சம்பளப் பிரசவ லீவு 84 நாள். அதில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேராது. அது தெரியாமல் நேரத்தோடு வேலைக்குத் திரும்பிய தாய்மாரைக் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். வன்னியில் வேலை செய்த காலத்துச் சம்பளச் சிட்டை, கடிதம், குழுப்படம் எதையும் எறியாதீர்கள். அந்த அம்மாவின் சேவையை உறுதிப்படுத்திய கடிதங்களில் ஒன்று கனடாவிலிருந்து வந்தது. எழுதியவர் அப்போது அவருடைய மேற்பார்வையாளர். இந்தப் பாடசாலைப் பிள்ளை. இன்னும் இரண்டு கோவைகள் என் மேசையில் கிடக்கின்றன.