திரும்பி வரும் நீர்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருதயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். இருதயம் எவ்வாறு குருதியை வெளியே தள்ளுகிறது என்பதைப் பாடசாலையிலே படித்திருப்பீர்கள். ஆதலால் அதனைச் சுருக்கி, வெளியே போனது எவ்வாறு திரும்பி வருகிறது என்பதையே விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன். கால் வீங்கி வருந்தும் முதியவர்களை நம்மில் அநேகர் வீட்டிலே கண்டிருக்கிறோம். அவ்வீக்கத்தை விளங்கிக் கொள்வதற்கு இந்தத் திரும்பும் வழியை அறிதல் வேண்டும்.

இருதயம் அவரவர் கைமுட்டியளவினது. அதன் வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கும், இடப்பக்கம் உடலெங்கும் அனுப்புகின்றன. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 70 துடிப்பு. பெருக்கிப் பாருங்கள், ஐந்து லீற்றர் வரும். நம் உடலிலுள்ள குருதி முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! உணவிலிருந்து ஈரல் ஓயாது புதுக்குருதியை ஆக்குகிறது என்று மேல்நாட்டார் நெடுங்காலம் நம்பியிருந்தனர். வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர் இப்படியொரு கணக்கைப் போட்டுத்தான், அதே குருதியே சுற்றி வருகிறது என்று 1628இல் நூலெழுதி நிறுவினார். ஆயினும் நாடியிலிருந்து நாளத்துக்குச் செல்லும் வழியை அவர் கண்டாரல்லர். அவர் 1657இல் இறந்தபின், 1661இல் மல்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலிலே மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார்.

இப்பொழுது எல்லோரும் ஒரு கையைத் தொங்கவிடுங்கள். சற்றுப் பொறுத்துப் புறங்கையைப் பாருங்கள், நாளங்கள் புடைத்திருக்கும். கையைத் தலைக்குமேல் உயர்த்துங்கள், அவை வற்றிவிடும். நாளத்தை அடையும்போது இருதயத்தின் உந்துவிசை பெரும்பாலும் தீர்ந்து போகிறது. பாதத்திலுள்ள குருதி மேலேறி வருவதற்குக் கெண்டைக்காற் தசைகள் அதனைப் பிழிய வேண்டும். பிழிந்தது கீழே வழியாமல் நாளத்தினுள்ளே உள்ள வால்வுகள் தடுக்க வேண்டும். வெயிலிலே அசையாது நிற்கும் மாணவன் மயங்கி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் குருதி காலிலே தங்கிவிடுவதுதான். அவனைத் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். கிடத்திக் காலை உயர்த்துங்கள்.

இனி மூன்றாவது ஓட்டம். யாழ்ப்பாணத்திலே துலா மிதித்து நீரிறைத்த காலத்தைப் பெரியோர்கள் அறிவார்கள். பாத்தியிற் பாய்ந்த நீரில், பயிர் குடித்தது போக ஒரு பங்கு மண்ணில் ஊறி, சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தடி நீரோடு மீண்டும் சேர்ந்தது. உடலிலும் அவ்வாறே. நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி எஞ்சி நிற்கும்; நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லீற்றர். அதனையும் அதனோடு கசிந்த புரதத்தையும் சேர்த்தெடுத்து வருவதே நிணநீர்த் தொகுதி. சிறு குழாய்கள் கூடிப் பெரிதாகி, நெஞ்சினுள்ளே மேலேறி, கழுத்தின் அடியிலே நாளத்தோடு கலக்கின்றன. இந்த ஓட்டம் நின்றால் ஓரிரு நாளிலே உயிருக்கு மோசம் வரும்.

தவளைக்கு நிணநீரைத் தள்ளுவதற்கென்றே சிறு இருதயங்கள் உண்டு. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. குழாய்ச் சுவர்கள் தாமே சிறிது சுருங்கும். மற்றையதை நம் நடையும் மூச்சுமே செய்கின்றன.

காலிலே முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும். வழியிலுள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமியை மறித்துப் போராடுவதே அந்த வீக்கம். நெறியைத் தேய்க்காமல் புண்ணைக் கவனிக்க வேண்டும்.

இக்குழாய்களுக்குள்ளேயே நுளம்பினால் வந்த புழு குடிபுகுந்து வழியைக் கெடுப்பதுதான் யானைக்கால் நோய். நம் நாட்டின் மேற்கு, தெற்குக் கரையோரங்களிலே அது மிகுந்திருந்தது. 1947இல் அதற்கெதிரான இயக்கம் தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அந்நோய் இலங்கையில் ஒழிந்தது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெருமைப்படத் தக்க செய்திதான். ஆனால் முன்னரே வீங்கிய கால், சான்றிதழைக் கண்டு வற்றிவிடாது. அவர்களுட் சிலர் இன்றும் வீட்டின் உள்ளறையிலே இருக்கின்றனர். முற்பிறப்பின் வினை என்று சொல்லி அவர்களை ஒதுக்கியவர்களும் உளர். நுளம்பு கடித்ததற்கு வினையின்மேற் பழிபோடுவது நியாயமா?

அவர்களுக்குச் செய்யக்கூடியது உண்டு. அதற்குப் பெரும்பணமும் வேண்டியதில்லை. வீங்கிய காலை நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்பும் புண்ணும் உண்டா என்று பார்த்தல் வேண்டும். இருக்கும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசைக்க வேண்டும். புண்வழியே கிருமி புகுந்து காய்ச்சல் வரும்போதெல்லாம் வீக்கம் கூடும். ஆதலால் கழுவுதலே முதன்மையானது. குனிய முடியாத பாட்டிக்கு அதைச் செய்துவிடப் பேரன் வேண்டும்.

எல்லா வீக்கமும் இதுவன்று. இரு காலும் சேர்ந்து வீங்கி மூச்சும் முட்டினால் இருதயமோ சிறுநீரகமோ தளர்ந்திருக்கலாம். ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி நொந்தால் நாளத்திலே குருதி உறைந்திருக்கலாம். அதற்கு எண்ணெய் போட்டு உருவாதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.