அளக்கும் கோலும் அளப்பவன் மொழியும்

(நில அளவர் தேர்வெழுதப் புகும் இளைஞர்க்காக உப்பிலியபுரத்தில் ஆற்றப்பெற்ற உரை)

  

பச்சைமலை ஒருபுறமும் கொல்லிமலை மறுபுறமும் காவல் நிற்க, இடையே கிடக்கும் உப்பிலியபுரத்து வயல்வெளியில் வரப்பு என்பது வெறும் மண்மேடு அன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வுக்கும் மறு குடும்பத்தின் வாழ்வுக்கும் இடையே இழுத்த கோடு அது. அக் கோடு ஒரு முழம் நகர்ந்தால் உடன்பிறந்தார் உறவு நகரும். இரண்டு முழம் நகர்ந்தால் வழக்குமன்றப் படி ஏற நேரும். ஆகவே, அக் கோடு எங்கே ஓடுகின்றது என்று சொல்ல வருபவன் யார், அவன் என்ன கற்றவன், அவன் எம்மொழியிற் சொல்கின்றான் என்னும் மூன்றும் உழவனின் உயிர் வினாக்கள். முதலிரண்டு வினாக்களை அரசு கேட்கின்றது. அதற்கெனத் தேர்வும் வைத்திருக்கின்றது. மூன்றாம் வினாவைத் தமிழர்தாம் கேட்டாக வேண்டும்.

முதற்கண் அத் தேர்வின் இயல்பைக் காண்க. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஓர் அறிவிக்கை விடுத்தது. நில அளவர் பணியிடம் 798. வரைவாளர் பணியிடம் 236. நகர் ஊரமைப்புத் துறையில் அளவர் மற்றும் உதவி வரைவாளர் பணியிடம் 55. ஆக மொத்தம் 1089. அவ்வாண்டு நவம்பர் 6-ஆம் நாள் தேர்வு நடந்தது. கட்டடப் பொறியியலிற் பட்டயம் பெற்றவரும், தொழிற்பயிற்சி நிலையத்தில் நில அளவை பயின்று சான்று பெற்றவரும் அதனை எழுத உரியராயினர். தொழிலறிவுக்கு ஒரு தாள். மற்றொரு தாளில் ஒரு பகுதி தமிழ்த் தகுதி, மறு பகுதி பொது அறிவு.

தமிழ்த் தகுதி என்னும் அப் பகுதி தானாக வந்ததன்று. அரசுப் பணித் தேர்வுகள் அனைத்திலும் தமிழ்த் தாள் கட்டாயம் என்று 2021 திசம்பர் முதல் நாள் பிறந்த அரசாணையால் வந்தது. அதில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவரின் ஏனை விடைகள் மதிப்பிடப்பெறா. தமிழறியாதவனும் தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில் வந்தமர்ந்து ஆளலாம் என்றிருந்த இழிநிலைக்கு அவ்வாணை ஒரு தாழிட்டது. இது மகிழத்தக்கதே. ஆயினும், மகிழ்ந்து அமைந்துவிடத் தக்கதன்று.

என்னை கரணியம்? தமிழை ஒரு தாளிலும் தொழிலை மற்றொரு தாளிலும் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று காணாமலே போய்விடும். தமிழ்ப் பகுதியிற் சொல்லைப் பிரித்தெழுதியும் பொருள் கூறியும் மதிப்பெண் பெறுகின்ற இளைஞன், தொழிற் பகுதிக்கு ஆங்கில நூலை உருப்போட்டுச் செல்கின்றான். பணியமர்ந்த பின்னர் வயலில் இறங்கி, 'செயின்' என்கின்றான், 'ஆப்செட்டு' என்கின்றான், 'பேசுலைன்' என்கின்றான், 'தியோடலைட்டு' என்கின்றான். எதிரே நிற்கும் மூதாட்டி கைகட்டிக் கேட்கின்றாள். அவளுக்கு ஒன்று மட்டும் விளங்குகின்றது: தன் நிலத்தைப் பற்றித் தனக்குத் தெரியாத ஏதோ பேசப்படுகின்றது என்பது. காட்டிய இடத்திற் கைந்நாட்டு வைக்கின்றாள். அவன் தமிழ்த் தகுதி பெற்றவனே. அவன் தொழில் தமிழ்த் தகுதி பெறவில்லை!

இக் கைந்நாட்டின் விளைவு சிறிதன்று. 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. எல்லையை அளவை அலுவலர் முடிவுசெய்து அறிவிக்கை சார்வித்தபின், அம் முடிவு பொருந்தாது என்பவர் மேன்முறையிடுவதற்கு அச் சட்டம் தரும் காலம் மூன்று திங்கள். அளவை முடிவுற்றதென அரசு விளம்பியபின், உரிமையியல் வழக்குமன்றம் செல்லத் தரும் காலம் மூன்றாண்டு. இவை கடந்தால் கல் நட்ட இடமே எல்லை. அறிவிக்கையிலும் புலப்படத்திலும் உள்ள சொல்லும் குறியும் விளங்காதவனுக்கு அம் மூன்று திங்கள் எதற்குப் பயன்படும்? விளங்காத மொழி நிலத்தைக் கவர்வதில்லை. கவர்வோனுக்குக் காவல் நிற்கின்றது.

'நில அளவை மேலை நாட்டார் தந்த கலை. ஆதலின் அதன் மொழியும் அவர்கள் மொழியே' என்று கற்றார் சிலர் கூறுவர். வரலாறு அவர்களைப் பார்த்து நகைக்கின்றது.

முதலாம் இராசராசன் கி.பி. 1001-ஐ ஒட்டிச் சோழ நாடு முழுவதையும் அளப்பித்தான். அப் பணியிற் சிறந்த அலுவலர் 'உலகளந்தான்' என்று பட்டம் பெற்றார். முதற் குலோத்துங்கன் 1086-இல் மீண்டும் அளப்பித்தான். அதே 1086-இல்தான் ஆங்கில வேந்தன் முதலாம் வில்லியம், 'தூம்சுடே' என்று பின்னாளிற் பெயர் பெற்ற நிலக் கணக்கைத் தன் நாட்டில் எடுப்பித்தான். ஆங்கிலேயன் தன் நாட்டுக் கணக்கை இலத்தீனத்தில் எழுதினான். தமிழனோ தன் நிலக் கணக்கைத் தன் தமிழில் எழுதினான்! அந்த ஆங்கிலேயன் மொழியின்றி நிலம் அளக்கவியலாது என்று இன்று தமிழன் சொல்வது எத்துணை நாணத்தக்கது!

அளவையின் நுண்மையையும் காண்க. தஞ்சை வழக்கில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. அது ஏறத்தாழ 6.6 ஏக்கர். கல்வெட்டுகளில் 256 குழி கொண்ட மாவும் உண்டு. பதினாறு சாண் கோலும் பன்னிரு சாண் கோலும் உண்டு. வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபதாற் பகுத்தது கீழ்முந்திரி. அஃதாவது வேலியில் 1,02,400-இல் ஒரு பங்கு. தஞ்சை வேலியிற் கணக்கிட்டால் அது மூன்று சதுர அடிக்கும் குறைவு. ஒருவர் நின்றால் காலடி கொள்ளும் இடம். அக் காலடி மண்ணுக்கும் பெயரிட்டுக் கல்லில் வெட்டி வைத்த மொழிக்கு, அளவைச் சொல் இல்லை என்று எந்த நாவாற் சொல்வது?

எல்லை காட்டிய முறையும் தமிழ் முறையே. இராசராசன் கால ஆனைமங்கலச் செப்பேட்டைப் போன்றவற்றில், ஊரார் உடனிருக்கப் பெண் யானையை எல்லை நெடுக நடத்தினர் என்றும், அவ் வழியே கல்லும் கள்ளியும் நட்டனர் என்றும் காண்கின்றோம். இதற்குப் 'பிடிசூழ்தல்' என்று பெயர். ஏன் ஊரார் உடனிருந்தனர்? எல்லை என்பது அளப்பவன் மட்டும் அறிந்த மறைபொருள் ஆகாது, ஊரறிந்த பொருளாக வேண்டும் என்பதனால். அந்நாளை அளவை ஊரார் கண்ணெதிரே, ஊரார் மொழியில் நடந்தது. இந்நாளை அளவையும் ஊரார் கண்ணெதிரேதான் நடக்கின்றது. மொழி மட்டும் ஊரைவிட்டுப் போய்விட்டது.

எப்போது போயிற்று? 1794-இல் சென்னைக் கோட்டையருகே கும்பினியார் ஓர் அளவைப் பள்ளி தொடங்கினர். எட்டு மாணாக்கருடன் தொடங்கிய அப் பள்ளியே பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802 ஏப்பிரல் 10-இல் இலாம்டன் என்பார் பரங்கிமலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கி, இந்தியா முழுமையும் விரிந்த முக்கோண அளவைக்கு வித்திட்டார். 1808-இல் அவருடைய அரை டன் எடையுள்ள பெருங்கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றுங்கால், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் சோர்ந்துவிடாமல் தாமே அமர்ந்து அதனைச் செப்பனிட்டார். அவர்தம் உழைப்பைப் போற்றுவதில் தமிழர்க்குத் தடையில்லை. ஆயின், அக் கருவி மோதிய கோயிலின் சுவரிலேயே முந்திரியும் கீழ்முந்திரியும் வெட்டப்பட்டுக் கிடந்தன என்பதைத் தமிழ் மாணாக்கனுக்கு எந்த அளவைப் பாடநூல் எடுத்துச் சொல்கின்றது?

கருவியைக் கொள்வது வேறு. நாவை அடகு வைப்பது வேறு. கண்டர் என்னும் ஆங்கிலேயர் 1620-இல் வகுத்த சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணி. தமிழ் உழவன் அதனைச் சங்கிலி என்றே ஏற்றான். இன்று செயற்கைக்கோளின் துணையால் அளக்கும் கருவி வந்துள்ளது, அதனையும் கொள்க. ஆனால், 'லெவல்' என்பதற்கு மட்டம் இல்லையா? 'பவுண்டரி' என்பதற்கு எல்லை இல்லையா? 'சர்வே நம்பர்' என்பதற்குப் புல எண்ணும், 'சப்டிவிசன்' என்பதற்கு உட்பிரிவும், மூன்று ஊர் கூடும் இடத்துக் கல்லுக்கு முச்சந்திக் கல்லும் இல்லையா? படிப்பறியாக் கொத்தனார் தூக்குக்குண்டு என்கின்றார், மூலைமட்டம் என்கின்றார். அவர் எழுப்பிய சுவர் சாய்ந்தா போயிற்று?

முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு வருவாய்த் துறையே சான்று. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின், தாசில்தார் வட்டாட்சியர் ஆனார்; கலெக்டர் மாவட்ட ஆட்சியர் ஆனார்; சில்லா மாவட்டம் ஆயிற்று; சமாபந்தி வருவாய்த் தீர்வாயம் ஆயிற்று. அன்று இவற்றை நகைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று இவற்றையே இயல்பாகப் பேசுகின்றனர். பலகையில் எழுதிய பெயர் மாறிற்று. பையில் இருக்கும் குறிப்பேட்டின் மொழிதான் இன்னும் மாறவேண்டும்.

இளைஞர்களே! இங்கு மற்றொரு கசப்பான செய்தியும் உண்டு. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் வந்தது. 2020-இல் அது திருத்தப்பெற்று, பணிக்குரிய கல்வித்தகுதி வரையிலும் தமிழிலேயே கற்றிருத்தல் வேண்டும் என்றாயிற்று. முறையான திருத்தமே. ஆனால், பள்ளி முழுதும் தமிழிற் கற்ற ஏழை உழவன் மகன், பட்டயப் படிப்பை ஆங்கிலத்திற் கற்க நேர்ந்தால் அவ்வுரிமை அவன் கைக்கு எட்டாமற் போகின்றது. ஐந்தில் ஒரு பங்கு இடம் தமிழுக்கென்று திறந்திருக்க, வாயில் வரை வரும் வழியை ஆங்கிலத்தால் அடைத்து வைத்தால் யார் உள்ளே புகுவார்? ஆகவே, பொறியியற் பட்டயமும் தொழிற்பயிற்சியும் முற்றும் தமிழில் அமைதல் வேண்டும் என்பது மொழிப்பற்றாளரின் விருப்பம் மட்டுமன்று. ஏழை மாணாக்கனின் வாழ்வுரிமை.

இதிற் பழியை அரசின்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் நெறி காட்டினார். 1974-இற் பாவாணர் சொற்பிறப்பியற் பேரகரமுதலிப் பணியை ஏற்றார். அவர்கள் வழிவந்தோர் பாட்டெழுதினர், மேடையேறினர், பெயரைத் தமிழாக்கினர், நன்று. ஆனால், எத்துணைப் பேர் நில அளவைக்கு ஒரு தமிழ்ப் பாடநூல் எழுதினர்? எத்துணைப் பேர் தம் மகனை அளவுக் கோலுடன் வயலுக்கு அனுப்பினர்? தமிழ் பாவலன் நாவில் மட்டும் வாழ்ந்தாற் போதாது. அளப்பவன் குறிப்பேட்டிலும் வாழ்ந்தாக வேண்டும்.

ஆகவே, படிவம் விடுக்க இருக்கும் இளைஞர் செய்யத்தக்கன மூன்று. ஒன்று: தமிழ்வழிக் கற்றவராயின், அதற்குரிய சான்றுகளைப் படித்த ஒவ்வொரு நிலையத்தின் தலைவரிடமும் இன்றே பெற்று வைத்தல், அறிவிக்கை வந்தபின் ஓடுவது ஏரி உடைந்தபின் மண் சுமப்பதாகும். இரண்டு: தொழிற் பாடத்தை எந்நூலிற் கற்பினும், ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான தமிழ்ச் சொல்லைத் தனி ஏட்டில் எழுதிப் பழகுதல். மூன்று, அதுவே தலையாயது: பணியமர்ந்த பின்னர், வரப்பின்மேல் நின்று, படத்தை அந்த மூதாட்டியின் கையிற் கொடுத்து, 'ஆத்தா, இது உங்கள் கல், இது உங்கள் எல்லை, இத்தனை அடி, இது பொருந்தாதென்றால் மூன்று திங்களுக்குள் முறையிடலாம்' என்று தமிழிற் சொல்லுதல். அவள் விளங்கிக்கொண்டேன் என்று தலையசைத்த பின்னரே கைந்நாட்டுப் பெறுதல்.

அத் தலையசைவே உண்மையான தேர்வு. தேர்வாணையம் தரும் மதிப்பெண் பணியைத் தரும். அவள் தரும் மதிப்பெண்ணே தகுதியைத் தரும். அத் தகுதியை உப்பிலியபுரத்து இளைஞர் பெறுக! அளக்கும் கோல் நேராகுக! அளப்பவன் மொழி தமிழாகுக!