கையெழுத்து யாருடையது?

(சத்துவாச்சாரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் கவிதை எழுதுறவன். சோத்துக்கு பேங்க்ல கிளார்க். கவுண்டர்ல உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாப்பது தடவை நான் கேட்கிற கேள்வி ஒன்னுதான்: "முகவரிச் சான்று இருக்கா?"

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கிளையில் தோல் ஷாப்புல கூலி வேலை செய்யற ஒரு அம்மா கணக்கு ஆரம்பிக்க வந்தாங்க. வாடகை வீடு. கதவு எண்ணை எங்கேயும் எழுதக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாராம். சொந்த ஊர்ல சேரியில குடிசை இருக்கு. அது புறம்போக்கு, வரி ரசீது கிடையாது. மூணு தடவை திருப்பி அனுப்பினேன். நாலாவது தடவை சொன்னாங்க: "செத்தா எங்க பொதைக்கணும்னு ஊருக்குத் தெரியுது சார். உயிரோட எங்க இருக்கேன்னுதான் யாருக்கும் தெரியல." திருப்பி அனுப்பியவன் நான். நானும் சேரியில பொறந்தவன். அதனாலதான் இதைப் பேச வந்தேன்.

நீ இந்த ஊர்க்காரன்தான் என்று எழுதிக் கொடுக்கும் கை யாருடையது? நம் கிராமங்களில் நெடுங்காலம் அது முன்சீப், கர்ணம் கை. பரம்பரைப் பதவி. அப்பனுக்குப் பிறகு மகன். நிலக் கணக்கும் பிறப்பு இறப்புக் கணக்கும் ஊர்த்தெருவில் ஒரே வீட்டுப் பெட்டியில் கிடந்தன. சேரிக்காரன் வாசலுக்கு வெளியே நின்று கேட்கணும். 1980 நவம்பரில் தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்குப் போனது. 1982-ல் உச்சநீதிமன்றம் ஒழித்தது செல்லும் என்றது. அதற்குப் பின் வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். இது சின்ன விஷயமில்லை. பரம்பரை போச்சு. ஆனால் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கைக்கு அது வரவில்லை. இன்றும் இருப்பிடச் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று வருவாய்த்துறை வழியாகத்தான் நகர்கிறது. மனுவை இ-சேவை மையத்தில் போட்டாலும் விசாரிப்பது அவர்கள்தான்.

பிலிப்பைன்ஸில் வேறு மாதிரி. அங்கே அரசின் கடைசிப் படி பாரங்காய். நம் ஊராட்சி மாதிரி. 1991 உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. 'இவர் இங்கே குடியிருக்கிறார்' என்ற சான்றை மக்கள் தேர்ந்தெடுத்த பாரங்காய்த் தலைவரே தருகிறார். முதல் தடவை வேலை தேடுகிறவர் அங்கே ஆறு மாதமாவது குடியிருந்தவர் என்று பாரங்காய் சான்று கொடுத்தால், வேலைக்கான மற்ற அரசுச் சான்றுகளுக்குக் கட்டணம் கிடையாது என்று 2019-ல் ஒரு சட்டமே போட்டார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரல. ஓட்டுப் போடாதவனை அலையவிடும் தலைவன் எங்கேயும் இருப்பான். ஆனால் அடுத்த தேர்தலில் அவனை இறக்கலாம்.

'அப்படின்னா நம்ம ஊராட்சித் தலைவருக்கே அந்த அதிகாரத்தைக் குடுத்துடலாமே'ன்னு ஒரு தோழர் கேட்கலாம். கொடுக்கணும். ஆனால் தலைவர் நாற்காலியில் நம்மாள் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? 1994 ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996-ல் தேர்தல். மேலவளவில் தலித் ஒருவர் தலைவரானார், முருகேசன். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்த் திரும்பும்போது, 1997 ஜூன் 30 அன்று, பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்தவர்கள் சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் மனுப் போட விடாமல், ஜெயித்தவரை ராஜினாமா பண்ண வைத்து, 2006 வரை தள்ளினார்கள்.

கொலை பத்திரிகையில் வரும். வராததைச் சொல்றேன். ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேணும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. துணைத் தலைவர் ஆதிக்கசாதிக்காரராக இருந்து 'போட மாட்டேன்'னு உட்கார்ந்தால் தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாது. ரத்தம் இல்லை, வழக்கு இல்லை. ஒரு கையெழுத்துக் குறைவு, அவ்வளவுதான்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆம்பூரை அடுத்த நாயக்கனேரி மலை ஊராட்சி. 2021-ல் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு பெண் மனுப் போட்டுப் போட்டியின்றி வந்தார். எதிர்ப்பு, வழக்கு. பதவியேற்க முடியாமல் நின்றார். மலையில் அதிகம் பழங்குடி மக்கள், எங்களுக்கு ஒதுக்கு என்பது எதிர்த்தவர்கள் வாதம். அந்தக் கோரிக்கையை அரசிடம் கேட்கட்டும், நாமும் கூட நிற்போம். ஆனால் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒருத்தியை, 'நீ இந்த ஊர் தலைவி இல்லை' என்று நிறுத்தினால் அது என்ன நியாயம்? என் கவுண்டரில் நின்ற அந்த அம்மாவிடம் கேட்ட அதே கேள்விதான் இவரிடமும் கேட்கப்பட்டது.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போறீங்க. சேரியில வீடு வீடாப் போய், எந்த வீட்டுக்கு வரி ரசீது இருக்கு, எதுக்குப் பட்டா இல்லைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. கிராமசபையில அந்த நோட்டைப் படிங்க. தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லுங்க. ஏத்தினாங்களான்னு பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. மனுவைத் திருப்பினா, காரணத்தை எழுத்துல கேளுங்க.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் கணக்கு ஆரம்பிச்சாச்சு. அதுக்கு ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசக் கூலியை எங்கே வெச்சிருந்தீங்கன்னு நான் கேட்கல. கேட்க எனக்கு யோக்கியதை இல்ல.