‘டிஸ்டோப்பியா’ என்று எதைச் சொல்வது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரை)



புகைமூட்டத்தில் கட்டடங்கள் மறைந்தாலும், வெள்ளத்தில் சாலை மூழ்கினாலும், 2020இல் கிருமித்தொற்றுக்கு அஞ்சித் தெருக்கள் வெறிச்சோடிய போதும், ஓர் ஆங்கிலச் சொல் செய்தித் தலைப்புகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் ‘டிஸ்டோப்பியா’. மோசமானது எதுவாயினும் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடலாம் என்ற நிலை இப்போது உள்ளது. சொல்லின் பிறப்பைப் பார்த்தால், அது அவ்வளவு மலிவான சொல் அன்று.

முதலில் அதன் மூத்த சொல்லைப் பார்க்க வேண்டும். 1516இல் தாமஸ் மோர் என்ற ஆங்கிலேயர் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதி, அதில் வரும் கற்பனைத் தீவுக்கு ‘யுடோப்பியா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘டோப்போஸ்’ என்றால் இடம். முன்னால் உள்ள எழுத்தை ஒருவிதமாகக் கொண்டால் ‘இல்லாத இடம்’. சற்று மாற்றிக் கொண்டால் ‘நல்ல இடம்’. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே ஒலிதான். மோர் வேண்டுமென்றே செய்த சிலேடை அது. (நல்ல நாட்டைக் கற்பனை செய்த அவருடைய தலையை, அவர் பணியாற்றிய மன்னர் எட்டாம் ஹென்றியே 1535இல் வெட்டச் செய்தார் என்பது வேறு கதை.)

‘டிஸ்’ என்ற கிரேக்க முன்னொட்டு தமிழருக்கு முற்றிலும் அந்நியம் அன்று. துர்நாற்றம், துரதிர்ஷ்டம், துர்ப்பாக்கியம் ஆகிய சொற்களில் உள்ள சமஸ்கிருதத் ‘துர்’ என்பதற்கும் கிரேக்க ‘டிஸ்’ என்பதற்கும் மூலம் ஒன்றே என்பது மொழிநூலார் கண்ட உண்மை. ஆகவே, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘டிஸ்டோப்பியா’ என்பது ‘கெட்ட இடம்’ என்றாகிறது.

இந்தச் சொல்லைப் புகழ்பெறச் செய்தவர் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். 1868 மார்ச் 12ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்தின் நிலை பற்றி விவாதம் நடந்தது. நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியவாதி என்று ஏளனம் செய்யப்பட்டு வந்த மில், அன்று அந்த ஏளனத்தை அரசாங்கத்தின் பக்கமே திருப்பிவிட்டார். நடக்க முடியாத அளவுக்கு நல்லதை யோசிப்பவன் யுடோப்பியாக்காரன் என்றால், நடக்க முடியாத அளவுக்குக் கெட்டதை யோசிக்கும் இவர்களை டிஸ்டோப்பியாக்காரர்கள் என்றுதான் அழைக்க வேண்டும் என்பது அவர் வாதம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மில் திட்டியது ஒரு பேரிடரை அன்று, ஒரு திட்டத்தை.

சொல்லின் உயிர்நாடி அதுதான். வெள்ளமும் நிலநடுக்கமும் யாரும் வகுத்த திட்டங்கள் அல்ல. டிஸ்டோப்பியாவிலோ ஒழுங்கு இருக்கும். சில நேரங்களில் அளவுக்கு மீறிய ஒழுங்கு இருக்கும். ‘உங்கள் நன்மைக்கே’ என்று அதற்கு ஒரு விளக்கமும் இருக்கும்.

ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாத்தின் எழுதிய ‘நாங்கள்’ என்ற நாவலில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்கள்தாம். வீட்டுச் சுவர்களோ கண்ணாடி. 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த அந்நூல், சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி படைத்த உலகில் அடி உதை அதிகம் தேவைப்படவில்லை. கவலை வந்தால் விழுங்க ஒரு மாத்திரை இருக்கிறது. மக்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். அங்கே பயங்கரம் அந்த மகிழ்ச்சிதான். ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் ஹக்ஸ்லியிடம் பிரெஞ்சு படித்த மாணவர்தான், 1949இல் ‘1984’ நாவலை வெளியிட்ட ஜார்ஜ் ஆர்வெல். அவர் நாவலில் அகராதி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போகிறது. சொல் இல்லாவிட்டால் அந்தச் சிந்தனையும் இராது என்பது அங்குள்ள ஆட்சியின் கணக்கு.

தமிழில் இதற்கு என்ன சொல் பொருந்தும்? ‘நரகம்’ பொருந்தாது, அது பாவத்துக்குத் தண்டனை, இது பாவமறியாதவர் குடியிருக்கும் ஊர். ‘கலிகாலம்’ என்றால் காலத்தின் மேல் பழி போய்விடுகிறது, செய்தவன் தப்பிவிடுகிறான். வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய ‘கொடுங்கோன்மை’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் கொடுங்கோலின் கீழ் வாழும் குடிகளுக்குத் தாங்கள் துன்புறுவது தெரியும். ஹக்ஸ்லியின் குடிகளுக்கு அதுவும் தெரியாது. ‘துர்நகரம்’ என்பதை வேண்டுமானால் பரிசீலிக்கலாம். சற்றுப் புராண வாடை அடிக்கிறது என்பதே குறை.

சொல் தேர்வு பண்டிதர்களின் விளையாட்டு அன்று என்பதற்குச் சிங்கப்பூரிலேயே உதாரணம் உண்டு. கிருமித்தொற்றுக் காலத்தில் ‘டிரேஸ்டுகெதர்’ செயலி 2020 மார்ச்சில் அறிமுகமானது. தொற்றியவருடன் தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிய மட்டுமே அதன் தகவல்கள் பயன்படும் என்று முதலில் கூறப்பட்டது. குற்றவியல் விசாரணைக்காகக் காவல்துறையும் அவற்றைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்கு அளிக்கப்பட்ட பதிலில் தெரியவந்தது. பலருக்கும் அது நெருடியது. மறுமாதமே, கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் அப்பயன்பாட்டை வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. 2023இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

அந்நாள்களின் வெறிச்சோடிய தெருக்களை டிஸ்டோப்பியா என்றவர்கள் சொல்லைத் தவறான இடத்தில் வைத்தார்கள். அது நோய் செய்த வேலை. தகவல் யார் கைக்குப் போகிறது என்று கேட்டவர்களோ, சொல்லுக்கு உரிய இடத்தின் அருகில் நின்றார்கள். கேள்வி கேட்க ஒரு மன்றமும் பதில் சொல்ல ஓர் அமைச்சரும் இருந்ததால், அதற்கும் அந்த முழுப் பெயரைச் சூட்டுவது மிகை. ஆர்வெலின் நாட்டில் அந்தக் கேள்வியே எழுந்திராது.

தாய்லாந்தில் 2014ஆம் ஆண்டு மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் கூடத் தடை. பேங்காக்கில் சிலர் கோஷம் எழுப்பவில்லை, பதாகை பிடிக்கவில்லை. பொது இடத்தில் நின்று ‘1984’ நாவலைப் படித்தார்கள். ஜூன் மாதத்தில் ஒருவர் கடைத்தொகுதி ஒன்றின் முன் சாண்ட்விச் தின்றபடி அந்நூலைப் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள்.